கோவில் புல்லைப் பிடுங்க ஆயர் அலுவலகக் கையெழுத்து

தென் கலிஃபோர்னியாவில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் (parish) கோவில் முன்னால் இருந்த புல்தரையை எடுத்துவிட்டு, தண்ணீர் அதிகம் கேட்காத உள்ளூர்ச் செடிகளை வைத்து முடித்தாயிற்று. புல்லை எடுப்பதற்கு நீர் வாரியம் தரும் மானியக் காசோலையும் வந்துவிட்டது. செடி நடுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை, காகிதம்தான் உயிரை எடுத்தது.

நிதிக் குழுவில் சுற்றுச்சூழலைக் காப்பது பற்றிய போப் பிரான்சிஸின் 2015 திருமடல் 'இறைவா உமக்கே புகழ்' பற்றிப் பேசினேன். எல்லோரும் பக்தியோடு தலையாட்டிவிட்டுக் கூரை ஒழுகலைப் பேசப் போய்விட்டார்கள். 2017 ஜூலையில் ரோமில் வறட்சி வந்தபோது வத்திக்கானே தன் நீரூற்றுகளை நிறுத்தியதைச் சொன்னேன். "அப்படியா!" என்றார்கள், அவ்வளவுதான். கடைசியில் வேலை செய்தது ஏபி 1572 என்ற மாநிலச் சட்டம். வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்குக் குடிநீரைப் பாய்ச்சக் கூடாது என்கிறது அது. கோவில் போன்ற நிறுவனங்களுக்கு 2028 ஜனவரி 1 முதல் நடைமுறை. "எப்படியும் காயப்போற புல்லுதானே, மானியம் குடுக்கும்போதே எடுத்துடலாம்" என்றார் கணக்குப் பார்க்கும் பெரியவர். பிள்ளைகள் விளையாடும் பின்பக்கப் புல்லுக்கு இந்தச் சட்டத்தால் ஆபத்தில்லை. இதைக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். குவாதலூப்பே மாதா சுரூபத்தைச் சுற்றியுள்ள ரோஜாக்கள் மேல் கை வைக்கக் கூடாது என்று மெக்சிகோப் பாட்டிமார் போட்ட நிபந்தனைக்கு மறுபேச்சே இல்லை.

பிறகுதான் வினை. தண்ணீர் பில், புகைப்படங்கள், வரைபடம் எல்லாம் ஏற்றி நீர் வாரியத்துக்கு அனுப்பிய விண்ணப்பம், நில உரிமையாளர் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. பில் பங்கின் பெயரில். நிலமோ ஆயரின் (பிஷப்பின்) பதவிப் பெயரில் உள்ள தனிநபர் கழகத்தின் (corporation sole, அதாவது அந்தப் பதவியில் இருப்பவரையே சட்டம் ஒரு நிறுவனமாகக் கருதும் ஏற்பாடு) சொத்து; கலிஃபோர்னியாவில் பல மறைமாவட்டங்களில் இதுதான் வழக்கம். தொலைபேசியில் நீர் வாரிய எழுத்தருக்கு இதை விளக்குவதற்குள் தொண்டை வற்றிவிட்டது. "அப்போ நீங்க வாடகைக்கு இருக்கீங்க. வீட்டு ஓனர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார். எங்க ஓனர் ஆயருங்க என்றேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "அவர் ஈமெயில் இருக்கா?" என்றார்.

மறைமாவட்டத்தில் சொத்துப் பிரிவு இது நிதிப் பிரிவு வேலை என்றது. நிதிப் பிரிவு, சொத்துப் பிரிவுக்கே கைகாட்டியது. நேரில் போனால் சம்பந்தப்பட்டவர் விடுப்பு. வழி காட்டியவர் எங்கள் பங்கு அலுவலகச் செயலாளர் அம்மாதான். முன்பு கூரையில் சோலார் போட்டபோது வாங்கிய அதிகாரக் கடிதத்தை இரும்பு அலமாரியிலிருந்து உருவி, "இதே வாசகத்தில் கேளுங்க, யோசிக்காம கையெழுத்துப் போடுவாங்க" என்றார். அப்படியே நடந்தது. உங்கள் பங்கிலும் பழைய கோப்பைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பத்தில் கை வையுங்கள்.

இதற்கிடையில் இளைஞர் குழு ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு வந்து நின்றுவிட்டது. நீர் வாரியத்தின் ஒப்புதல் கடிதம் வருமுன் ஒரு பிடி புல்லை எடுத்தாலும் மானியம் போச்சு. ஃபாதர்தான் குறுக்கே நின்று டோனட் கொடுத்து அனுப்பி வைத்தார். ஒப்புதல் வந்த நாளிலிருந்து 180 நாளில் வேலை முடிய வேண்டும் என்பது எங்கள் நீர் வாரிய விதி. அதனால் நடவு அக்டோபர், நவம்பரில் விழுகிற மாதிரி கணக்குப் போட்டு விண்ணப்பியுங்கள். கோடையில் நட்டால் வறட்சிச் செடிகூடச் செத்துப்போகலாம்.

இங்கே பெர்முடா புல் என்பது நம்ம அருகம்புல்லேதான். அருகு போல் வேரூன்றி என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அதன் அர்த்தம் அதைத் தோண்டும்போதுதான் புரிந்தது. வெட்டி எடுத்ததும் மேலே அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, நனைத்து, அதன்மேல் நாலு அங்குலம் மரச்சீவல் போட்டோம். பெட்டியின் பிளாஸ்டிக் டேப்பை உரிக்காமல் போடாதீர்கள், அது மட்டும் மக்காது. விளிம்பில் இன்னமும் அருகு தலைகாட்டுகிறது.

கிளீவ்லண்ட் சேஜ், டோயன், மான்புல், கலிஃபோர்னியா பக்வீட் வைத்தோம். தெளிப்பான்களை அடைத்துவிட்டுச் சொட்டுநீர்க் குழாய் போட்டதில் பிரச்சினை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் கோடையில் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். 'வறட்சி தாங்கும் செடி' என்று நர்சரியில் சொல்வது வேர் பிடித்த பிறகுதான் பொருந்தும்.

கடைசி ஆய்வுக்கு வந்தவர் அளவுச் சக்கரத்தை உருட்டிப் பார்த்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தை ஒட்டிச் செடியில்லாமல் மரச்சீவல் மட்டும் கிடந்த நீள நிலத்துண்டை மானியக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார். சதுர அடிக்கு 2 டாலர், வயிறெரிந்தது. அந்த இடத்தில் நாலு செடியை முன்பே செருகியிருக்கலாம் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். காசோலை ஆயர் பெயருக்கு வந்து தொலைக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, பங்கின் பெயருக்கே வந்தது. செயலாளர் அம்மா அன்றைக்கே வங்கியில் போட்டுவிட்டார்.