கஞ்சிப்பாசித் தொட்டி: மூடிக்குள் எல்இடி சூடு

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில், வீட்டுக்குள் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, கடல் தண்ணீர், அதில் வேதாளைப் பக்கம் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் தந்த கஞ்சிப்பாசி என்ற கடற்பாசி. பவளம் வைக்கலாமே என்று கேட்கிறார்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொடவே கூடாது. எனக்குப் பாசியே போதும்.

மேல் மூடிக்குள் 40 வாட் எல்இடி ஸ்ட்ரிப். எல்இடி சூடாகாது என்று கடையில் சொல்வார்கள், அது பாதி உண்மைதான். வெளிச்சத்தோடு வெப்பம் முன்பக்கம் அதிகம் வராது, ஆனால் இழுக்கும் கரண்டில் பாதிக்கு மேல் சிப்பின் அடியிலேயே சூடாகிவிடும், மிச்சம் வெளிச்சமாகப் போய்த் தண்ணீரிலும் பாசியிலும் விழுந்து கடைசியில் அதுவும் சூடுதான். மூடிய பெட்டிக்குக் கிட்டத்தட்ட 40 வாட் ஹீட்டர் வைத்த கணக்கு. மத்தியானம் மூடிக்குள் 47 டிகிரி, தண்ணீர் 33-ஐத் தாண்டியது, பாசி நுனி வெளுக்க ஆரம்பித்தது.

வேறு ஊராக இருந்தால் மூடியில் துளை போட்டு ஃபேன் வைத்தால் வேலை முடிந்தது. வினாடிக்கு 10 லிட்டர் காற்று ஓடினாலே 40 வாட் சூடு அறையைவிட மூன்று நான்கு டிகிரிக்கு மேல் ஏறாது. ஆனால் இங்கே, அதுவும் கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களில், உள்ளே வரும் காற்றோடு உப்பும் வந்து சாலிடரில் பச்சை பூக்கும். சிலிக்கான் உறை போட்ட ஸ்ட்ரிப் உப்பைத் தடுக்கும், கூடவே சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதனால் இப்போது காற்றை உள்ளே விடுவதே இல்லை, சூட்டை உலோகம் வழியாக வெளியே எடுக்கிறேன். மூடியே 3 மி.மீ. அலுமினியத் தகடு. உறையில்லாத ஸ்ட்ரிப்பை அடியில் தெர்மல் பசை போட்டு ஒட்டி (ஸ்ட்ரிப்போடு வரும் டேப் சூட்டில் இளகிவிடும்), கீழே கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ஷீட் வைத்து ஓரமெல்லாம் சிலிக்கானால் அடைத்தேன். புளித்த வாடை அடிக்கும் சாதா சிலிக்கான் செம்பை அரிக்கும், டியூப்பில் நியூட்ரல் என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். தகட்டின் மேல் பழைய கம்ப்யூட்டரில் இருந்து சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகக் கட்டி (ஹீட் சிங்க்) இரண்டு, அவற்றின் மீது 12 வோல்ட் ஃபேன், எல்லாம் வெளியே. உப்பில் ஃபேன் போனால் வேறு மாட்டிக்கொள்ளலாம். ஸ்க்ரூ ஸ்டீல் என்பதால் நைலான் வாஷர் அவசியம், இல்லாவிட்டால் அலுமினியம் அந்த இடத்தில் வெள்ளையாகப் பொரிந்துவிடும். அடாப்டரும் தனியாகச் சுவரில் தொங்குகிறது. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் சுமார் பாதி.

அப்புறம் லைட் நேரத்தையும் மாற்றினேன், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து விடியற்காலை நான்கு வரை. பாசிக்கு வெளிச்சமும் இருட்டும் ஒழுங்காகக் கிடைத்தால் போதும், அறையும் ராத்திரி கொஞ்சம் ஆறியிருக்கும். இப்போது தகடு 41, தண்ணீர் 30 அல்லது 31. புது நுனிகள் கரும்பச்சையாக வருகின்றன, பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

அடுத்து இன்னொரு ஸ்ட்ரிப்பும் சேர்த்து, வோல்ட்டேஜைக் கொஞ்சம் இறக்கி ஓட்டப் போகிறேன், அதே வெளிச்சத்துக்குச் சூடு குறைய வேண்டும். அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.