ஈரத் தானியம் மேலே இருக்கட்டும்

தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபிகளார் (ஸல்) அதற்குள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா, மோசடி செய்பவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர் என்றார்கள் நபிகளார். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. கேட்டவுடன் உண்மையைத்தான் சொன்னார். தவறு, குவியலை அடுக்கிய விதத்தில் இருந்தது.

கொழும்பில் டேட்டா பெக்கேஜ் விற்கும் விதத்தைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குவியல்தான். அதை விற்று, அதற்காக எஸ்எம்எஸ் அனுப்புகிற உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெரிய எழுத்தில் 50 ஜீபீ. அதில் 30 ஜீபீ இரவு 12 முதல் காலை 8 வரை மட்டும் என்பது அடியில், சிறிய எழுத்தில். புறக்கோட்டையில் பகல் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு இரவு பத்து மணிக்கே உறங்கிவிடுகிறவருக்கு இது 20 ஜீபீ பெக்கேஜ்தான். அப்படியே எழுதலாம்: 'எந்நேரமும் 20 ஜீபீ, நள்ளிரவுக்குப் பின் கூடுதலாக 30'.

'அன்லிமிட்டட்' என்ற சொல் இன்னும் மோசமானது. குறித்த அளவு முடிந்ததும் வேகம் 64 கேபீபீஎஸ்ஸுக்கு (நொடிக்கு 64 கிலோபிட்) இறங்கும் பெக்கேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே 64ஐ 8ஆல் வகுத்தால் நொடிக்கு 8 கிலோபைட். 3 எம்பீ அளவுள்ள ஒரு புகைப்படம் வந்து சேர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதை எல்லையற்றது என்று விற்பது அல்குர்ஆன் 33:70 கேட்கும் 'கவ்லன் ஸதீதா', அதாவது நேரான பேச்சு ஆகாது. வேகத்தைச் சொல்லும்போதும் இதே எட்டு இடறும். 40 எம்பீபீஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) என்றால் நொடிக்கு 40 எம்பீ என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது 5 எம்பீ, அதுவும் உச்ச வேகத்தில். சூரா அல்முதஃப்பிஃபீன் அளவையில் குறைப்பவர்களைக் கண்டிப்பதோடு தொடங்குகிறது. நமது காலத்து மரக்கால் இந்த எம்பீயும் ஜீபீயும்தான்.

விலைக்கும் இதே கதைதான். 'ரூபா 1,000 + வரிகள்' என்று எழுதினால் 18 வீத வற் வரி மட்டும் சேர்ந்தே 1,180 ஆகிவிடும், வேறு வரிகள் இருந்தால் அவை அதற்கு மேல். வாடிக்கையாளர் கையிலிருந்து போகும் தொகையே விலை.

இனி, அதிகம் பேசப்படாத இடத்துக்கு வருகிறேன். அல்குர்ஆன் 4:63 'கவ்லன் பலீகா' என்கிறது: போய்ச் சேரும் பேச்சு, உள்ளத்தில் இறங்கும் பேச்சு. தமிழில் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் தகவல் முழுதாகப் போய்ச் சேராமல் போவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து இடம். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழு மெசேஜுக்குமான இடம் 70ஆகச் சுருங்கிவிடும். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக இடம் பிடிக்கும். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஐந்து இடம். 'கொழும்பு' நான்கு எழுத்து, எட்டு இடம். ஆகவே 70 இடத்தில் ஏறத்தாழ 40 எழுத்துதான் அடங்கும். நீளம் கூடினால் மெசேஜ் துண்டுகளாகும், துண்டுக்கு 67 இடம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். செலவை மிச்சப்படுத்த நினைப்பவர் முதலில் வெட்டுவது நிபந்தனையைத்தான். ஆங்கிலம் வாசிப்பவருக்குக் கிடைக்கும் தகவல் கொட்டாஞ்சேனையில் தமிழ் மட்டும் வாசிக்கும் தாயாருக்குக் கிடைப்பதில்லை. அவருக்கு மிஞ்சுவது 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற ஒரு வரி. எனக்கு இது பெரிய அநீதியாகத் தெரிகிறது.

இரண்டு துண்டுக்குக் காசு கொடுத்தால் போதும். இதைப் பாருங்கள்: 'வரியுடன் ரூ.499. 28 நாள். எந்நேரமும் 8ஜீபீ, இரவு 12-8 மட்டும் 10ஜீபீ. தானாகப் புதுப்பிக்கப்படாது.' 97 இடம். இரண்டு துண்டுக்கு மொத்தம் 134. மீதி 37 இடத்தில் 'இனி வேண்டாம்' என்று சொல்வதற்கான இலக்கத்தைப் போடலாம்.

அந்த இலக்கம் கட்டாயம் வேண்டும். அனுப்புநர் பகுதியில் இலக்கத்துக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயர் வரும் மெசேஜுக்குப் பதில் அனுப்ப முடியாது. நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழைய வேண்டாம், திரும்பிப் போங்கள் என்றால் திரும்பிவிடுங்கள் என்கின்றன 24:27-28 வசனங்கள். மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது ஹதீஸ். போனும் ஒருவகையில் வீடுதான் என்று நான் கொள்கிறேன். இது மார்க்கத் தீர்ப்பு அல்ல, தொழிலுக்கான அளவுகோல். ஒரே சலுகையை மூன்று முறை அனுப்பியும் அசைவில்லையா, அந்த இலக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நேரத்துக்கும் வழிகாட்டல் உண்டு. ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்றையும் 24:58 அந்தரங்க நேரங்கள் என்கிறது. காலை 9 முதல் 11.30 வரையும் மாலை 4 முதல் 5.30 வரையும் அனுப்பினால் யாருக்கும் தொந்தரவில்லை. ரமழானில் இஃப்தார் வேளையைத் தொடவே வேண்டாம். சலுகை மெசேஜில் குர்ஆன் வசனம் சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். ரீலோட் விற்க வசனம் எதற்கு?

கிரிக்கெட் செய்தி, ரிங்டோன் போன்ற நாள்கட்டணச் சேவைகளும் முறைப்பாட்டுக்கு இடம் தருபவை. நாளுக்கு 2 ரூபா கண்ணில் படாது, வருடத்துக்கு அது 730. திரையில் தவறிப் பட்ட விரலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் 4:29 சொல்லும் பரஸ்பர திருப்தி அங்கே இல்லை. ஒருமுறை கேட்டு, கட்டணத்தைச் சொல்லி, மறுபடி உறுதி வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் 2:282இன் வழியில், தொடங்கிய நாளையும் கட்டணத்தையும் உடனே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

மீளளிப்புக் கேட்டு அழைப்பவருக்கு இல்லை என்று சொல்லவேண்டி வரும். அப்போதும் இலகுவான சொல் வேண்டும் என்பது 17:28. 'சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது' என்பது இலகுவான சொல் ஆகாது. எந்தத் திகதியில், எதற்காக, எவ்வளவு வெட்டப்பட்டது என்று தமிழில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் ஏற்காவிட்டால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் முறையிடலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.