நீல விளக்கு காப்பாற்றிய படிகம்

ஆய்வகத்தில் ஒரு புதுக் குறைக்கடத்திப் பொருள் வேலை செய்துவிட்டது, காப்புரிமையும் வாங்கியாச்சு, இனி கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று யாராவது பேசினால் எனக்கு உடனே சிலிக்கான் கார்பைடுதான் ஞாபகம் வரும், அதாவது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த, உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் குறைக்கடத்தி.

சிலிக்கானை உருக்கி அந்தக் குழம்பிலிருந்து படிகத்தை இழுத்துவிடலாம். சிலிக்கான் கார்பைடில் அது நடக்காது, சூடாக்கினால் உருகாமல் நேராக ஆவியாகிவிடும். மூடிய கிராஃபைட் பாத்திரத்தில் 2000 டிகிரிக்கு மேல் தூளை ஆவியாக்கி, மேலே ஒட்டியிருக்கும் விதைப் படிகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிட வேண்டும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். இந்த முறையை 1978லேயே லெனின்கிராட்டில் தைரோவ், ஸ்வெட்கோவ் என்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அப்புறம் சந்தைக்கு வர ஏன் இத்தனை வருடம் ஆனது?

மைக்ரோபைப். படிகத்தின் ஊடாக நீளவாக்கில் ஓடும், கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் குழாய். டிரான்சிஸ்டருக்கு அடியில் ஒன்றே ஒன்று மாட்டினாலும் உயர் மின்னழுத்தத்தில் அது போய்விடும். ஆராய்ச்சி மாணவர் குழாய் இல்லாத இடமாகப் பார்த்துச் சின்னதாக ஒரு டையோடு செய்து, அளந்து, கட்டுரை எழுதிவிடலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் தொழிற்சாலைக்கு வேஃபர், அதாவது படிகத்திலிருந்து வெட்டிய மெல்லிய தட்டு, முழுக்கத் தேறியாக வேண்டும், அதுவும் நாளைக்கும் அதே மாதிரி.

1987இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிகத்தோடு மல்லுக்கட்டிய ஆய்வாளர்களே வெளியே வந்து கிரீ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே காலத்தில் ஜப்பானின் கியோட்டோவில் மட்சுனாமி என்பவரின் ஆய்வுக் குழு, படிகத்தைச் சில டிகிரி சாய்த்து வெட்டினால் மேலே வளரும் அடுக்கு ஒழுங்காக அமைகிறது என்று காட்டியது, இன்றைக்கும் வேஃபரைச் சாய்த்துத்தான் வெட்டுகிறார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது 1989. கிரீ அப்போது விற்பனைக்குக் கொண்டுவந்தது இதே படிகத்தில் செய்த நீல எல்இடி. வெளிச்சம் மங்கல்தான், ஆனால் கடையில் வேறு நீலம் கிடைப்பதே அபூர்வம். பவர் டிரான்சிஸ்டருக்குத் தேறாத படிகம் எல்இடிக்குப் போதும், அதனால் உலை அணையாமல் ஓடியது, குழாய்களும் வருடா வருடம் குறைந்தன. இன்ஃபினியன் கம்பெனியின் சிலிக்கான் கார்பைடு டையோடு 2001இல், ரோம் கம்பெனியின் மாஸ்ஃபெட் (பவர் டிரான்சிஸ்டரில் ஒரு வகை) 2010இல், அடுத்த வருடமே கிரீயுடையது, அதற்கும் பிறகுதான் டெஸ்லா மாடல் 3 காரில் பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர்.

ஆய்வகத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் மூன்று வருடத்தில் சந்தைக்கு வருமா என்று கேட்கிறார்கள். அதைவிட, அரைகுறைப் படிகத்தை வைத்து இப்போதே எதை விற்க முடியும், வளர்க்கத் தெரிந்தவர்கள் அதுவரை எங்கே சம்பளம் வாங்குவார்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கும்.