கலிபோர்னியாவில் தபால் வழி வாக்களிப்பது

கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் பலர் மாநிலத் தேர்தல்களைத் தவறவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. தேர்தலுக்கு 15 நாட்களுக்கு முன்னரே இணையத்திலோ அஞ்சலிலோ பெயரைப் பதிவுசெய்துகொண்டால், தனியாக விண்ணப்பிக்காமலேயே வாக்குச்சீட்டு வீடு தேடி வரும். முகவரி மாறியவர்கள் மீண்டும் பதிவுசெய்ய வேண்டும். நிரப்பிய வாக்குச்சீட்டை உறையிலிட்டுத் திருப்பி அனுப்ப அஞ்சல்தலை தேவையில்லை. கவனமெல்லாம் உறையின் மேல் இடும் கையொப்பத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் பதிவேட்டில் உள்ள கையொப்பத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வாக்கை ஏற்பார்கள். பதிவேட்டில் இருப்பது பல ஆண்டுகளுக்கு முன் ஓட்டுநர் உரிமத்துக்காகப் போட்ட கையெழுத்தாக இருக்கலாம், அது இன்று மாறியிருக்கலாம். பொருந்தாவிட்டால் கடிதம் வரும். கெடுவுக்குள் பதிலளித்துச் சரிசெய்தால் வாக்கு எண்ணப்படும். கடைசி நாளில் அஞ்சலை நம்புவதைவிட, கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தேர்தல் அலுவலகம் வைத்திருக்கும் அதிகாரபூர்வப் பெட்டியில் இரவு 8 மணிக்குள் உறையைச் சேர்ப்பதே நல்லது.