அத்தையின் அரக்குச் சேலையிலிருந்து ஆரம்பித்தோம்

தை மாதம் அத்தைக்கு எழுபது நிறைகிறது. அதற்குள் குடும்பமாக ஒரு நல்ல படம் எடுத்துக் கூடத்தில் மாட்டிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. கடலூரிலிருந்து புதுச்சேரி பக்கம்தானே, அங்கேயே எடுக்கலாம் என்று முடிவானது.

முதலில் ஐந்து பேருக்கும் மஞ்சள் நிறத்திலேயே உடுப்பு எடுத்தேன். போன ஞாயிறு ரோமன் ரோலண்ட் வீதியில் போனில் ஒத்திகை பார்த்தால், அங்கே பாதிச் சுவர் அதே மஞ்சள்! உடுப்பு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, முகமும் கையும்தான் தெரிகின்றன. அத்தை வேறு, "ஏம்மா, எல்லாரும் ஒரே கலர்ல நின்னா பேண்டு வாத்தியக்காரங்க மாதிரி இருக்காதா?" என்றார். அவர் சொன்னது சரி.

அத்தை தனக்கென்று ஒரு நூல் சேலை எடுத்து வைத்திருந்தார். மாற்றிக்கொள்ளவே மாட்டார் என்று தெரியும், அதனால் அதிலிருந்தே ஆரம்பித்தேன். உடல் அரக்கு, கரை மயில்கழுத்து நிறம், கரையை ஒட்டி மெல்லிசாகச் சந்தன இழை. மூன்று நிறமும் அந்தச் சேலையிலேயே கிடைத்துவிட்டன. எனக்கு மயில்கழுத்துச் சேலை, வீட்டுக்காரருக்கு வேட்டியும் சந்தனச் சட்டையும், பெரியவளுக்குச் சந்தனப் பாவாடை, அரக்குச் சட்டை.

எல்லாவற்றையும் மொட்டை மாடிக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். இதை எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள். அரக்கும் மயில்கழுத்தும் கண்ணுக்கு அவ்வளவு வேறாகத் தெரிந்தாலும் படத்தில் ஒரே சாம்பலாக வந்தன, நானும் அத்தையும் ஒட்டி நின்றால் ஒரே துணியாகத் தெரிவோம். அதனால் நடுவில் சந்தனச் சட்டைக்காரர் நிற்கிறார்.

சின்னவனுக்குத்தான் நேரம் பிடித்தது. கிளிப்பச்சை டீ சர்ட்டுதான் வேண்டும் என்றான். வெயிலில் நிறுத்தி எடுத்துக் காட்டினேன், தாடைக்குக் கீழே பச்சை ஏறியிருந்தது, அவனே கழற்றிவிட்டான். அடுத்து மெல்லிய கோடு போட்ட சட்டை. கோடுகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தால் கேமராவில் அலை அலையாக நெளிகின்றன, அதுவும் வேண்டாம். கடைசியில் கோடு, கட்டம் எதுவும் இல்லாத மயில்கழுத்துச் சட்டை.

நேற்று விடியற்காலை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் இரண்டாவது ஒத்திகை. நம் கரை கிழக்கு பார்த்தது, காலையில் வெயில் கடலிலிருந்து நேராக முகத்தில் விழுகிறது. சூரியன் கிளம்பிய கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தில் அரக்கு அப்படியே கனிந்து தெரிந்தது, நன்றாக ஏறியதும் எல்லோருக்கும் கண் சுருங்கிவிட்டது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், அதற்குள் முடித்துவிடலாம். காற்றுக்கு முந்தானை நிற்கவில்லை, தோளில் இரண்டு பின் கூடுதலாக வேண்டும்.

சின்னவன் சட்டையின் கை இரண்டு விரல் நீளம். நாளைக்குத் தையல்காரரிடம் கொடுக்க வேண்டும்.