என்னைக் கேட்காமல் போட்ட ரோஸ்டர்

லண்டனில் இரவு 10 மணி என்றால் நமக்கு விடிகாலை 3.30. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால் 2.30. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வேன். 2005-ல் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். பயிற்சி முடிந்ததும் ஒரு பிரிட்டிஷ் காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்பிரேமை, அதாவது அதன் மொத்தக் கணக்கும் ஓடும் பெரிய கணினியை, பார்த்துக்கொள்ளும் சப்போர்ட்டில் போட்டார்கள். அங்கே அலுவலகம் மூடிய பிறகுதான் பேட்ச் ஜாப்கள், கணக்குகளை மொத்தமாகப் போட்டு முடிக்கும் நிரல்கள், ஓடத் தொடங்கும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. நடுவில் ஒன்று விழுந்தால் அதன் பின்னால் உள்ளதெல்லாம் நின்றுவிடும். காலையில் அங்கே கதவு திறப்பதற்குள் எல்லாம் ஓடி முடிந்திருக்க வேண்டும்.

2007 ஜனவரியில் ஓர் இரவு. என்னோடு ஷிப்டில் இருந்த சீனியருக்குக் காய்ச்சல், 1 மணிக்கே கிளம்பிவிட்டார். 4.10-க்குப் பிரீமியம் கணக்கிடும் ஜாப் விழுந்தது. பிழையின் பெயர் சாக் செவன். மெயின்பிரேமில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே தெரியும்: எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்த ரெக்கார்டில் என்பதைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டும். விழுந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததைக் காட்டும் டம்பைத் திறந்து, அதில் இருந்த ஆஃப்செட் என்ற இட எண்ணை வைத்து, கோபோல் மொழியில் எழுதிய நிரலில் எந்த வரி என்று கண்டுபிடித்து, அங்கிருந்து கோப்புக்குப் போனேன். வேறொரு சிஸ்டத்திலிருந்து வந்த கோப்பில், ஒரே ஒரு பாலிசிக்கு, தொகை இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம். லண்டன்காரரை எழுப்பி அனுமதி வாங்கி, அந்த ரெக்கார்டை மட்டும் ஒதுக்கிவைத்து, விழுந்த ஸ்டெப்பிலிருந்து மறுபடி ஓட்டினேன். ஜாப் பச்சையாக மாறியபோது 6 மணி. கேண்டீனில் யாரும் வந்திருக்கவில்லை. இயந்திரத்தில் ஒரு டீ பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன். இந்த வேலை எனக்கு வரும் என்று நான் நம்பியது அந்தக் காலையில்தான்.

அடுத்த ஆண்டு நைட் ரோஸ்டரிலிருந்து, யாருக்கு எந்த இரவு ஷிப்ட் என்று போடும் பட்டியலிலிருந்து, என் பெயர் போய்விட்டது. எங்கள் டீமில் இருந்த மற்ற இரண்டு பெண்களின் பெயரும் இல்லை. மேனேஜரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். “உங்களுக்கு ஒண்ணுன்னா உங்க அப்பா அம்மாவுக்கு நான்தானேம்மா பதில் சொல்லணும்” என்றார். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பகல் ஷிப்டில் ஒன்றும் விழாது. ரிப்போர்ட் அனுப்பலாம், மீட்டிங்கில் குறிப்பெடுக்கலாம், ராத்திரி என்ன நடந்தது என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஜாப் விழும்போது உடன் இருந்தவனுக்குத்தான் சிஸ்டம் பிடிபடும். சிஸ்டம் பிடிபட்டவனைத்தான் லண்டன்காரருக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஆன்சைட்டுக்கு, அதாவது லண்டனுக்கே வந்து வேலை பார்க்க, ஆள் கேட்டால் அவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். ஆன்சைட் போய் வந்தவன் டீமை நடத்தும் லீட் ஆவான். இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் ‘பெண் வேண்டாம்’ என்று சொல்லவில்லை. ரோஸ்டரில் ஒரு வரியை அடித்தார்கள், அவ்வளவுதான். மூன்றாண்டு கழித்து, என்னோடு சேர்ந்த பையன்கள் நான்கு பேர் லண்டனில் இருந்தார்கள். ‘பெண்கள் டெக்னிக்கலாக அவ்வளவு வருவதில்லை’ என்ற பேச்சும் அந்தச் சமயத்தில்தான் என் காதில் விழுந்தது.

பயம் பொய்யென்று நான் சொல்லவே மாட்டேன். 2005 டிசம்பரில் பெங்களூரில் ஒரு கால் சென்டர் பெண் இரவு வேலைக்குக் காரில் போகும் வழியில் கொல்லப்பட்டார். 2014 பிப்ரவரியில் எங்கள் சாலையிலேயே உள்ள சிறுசேரியில், வேலை முடிந்து கிளம்பிய ஒரு பெண் கொல்லப்பட்டார். உடல் கிடைத்தது நாட்கள் கழித்து, அந்த ஐ.டி. பூங்கா வளாகத்திலேயே. அந்த வாரம் முழுக்க அப்பா தினமும் இரண்டு முறை போன் செய்தார். “தாயி, இறங்கிட்டியா?” என்ற ஒரே கேள்விதான். அந்தச் சாலையில் தினமும் போய்வந்த எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அதற்கு வேண்டியது விளக்கு, ஆள் நடமாட்டம், நம்பகமான கேப், கடைசியாக இறங்குவது பெண்ணாக இருந்தால் கூட ஒரு காவலர். இவையெல்லாம் செலவு. பெயரை அடிப்பதற்குச் செலவில்லை.

நீதிமன்றம் இதை எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. ஆலைகளில் இரவு வேலை கேட்ட பெண்களின் வழக்கில், 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. போக்குவரத்து, பாதுகாப்பு என்று நிறுவனங்கள் செய்ய வேண்டியவற்றை நிபந்தனைகளாக வைத்தது. அதே 2000-ல்தான் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். பஞ்சாலைப் பெண்கள் வழக்காடிப் பெற்ற உரிமை இது என்பது, ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருத்திக்கும் அன்று தெரியாது. கோபோலே கிரேஸ் ஹாப்பர் என்ற பெண் முன்பு உருவாக்கிய ஒரு மொழியை அடியொற்றி 1959-ல் பிறந்ததுதான் என்பதையும், அதில் சம்பாதிக்கத் தொடங்கி ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பயிற்சியில் இந்த இரண்டையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

2011-ல் மகள் பிறந்தாள். அன்று சட்டப்படி விடுப்பு 12 வாரம். திரும்பி வந்தபோது மேஜை மாறியிருந்தது, வேலையும் மாறியிருந்தது. “கொஞ்ச நாள் டாக்குமென்டேஷன் பாருங்க, ரிலாக்ஸா இருக்கும்” என்றார்கள். இதுவும் அக்கறைதான். பால் கட்டி வலிக்கும்போது எடுத்துவைக்க ஓர் அறை இல்லை. மூன்றாம் மாடிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடி எடுத்துக் கீழே ஊற்றுவேன். அதைப் பற்றி யாருக்கும் அக்கறை வரவில்லை, ஏனென்றால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆண்டு முடிவில் ரேட்டிங் ஒரு படி இறங்கியது. முழு வருஷம் வேலை பார்க்கவில்லையாம். பாலியல் தொந்தரவு என்றால் 2013 சட்டத்துக்குப் பிறகு உள்ளகப் புகார்க் குழு என்று ஒன்றாவது இருக்கிறது. அன்பாகப் பேசி ஓரமாக உட்காரவைப்பதை எந்தக் குழுவிடம் போய்ச் சொல்வது?

சரி, இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் வேறு.

2019-ல் நான் லீட். ரோஸ்டர் போடுவது என் வேலை. அதற்குள் காலம் மாறியிருந்தது: மகப்பேறு விடுப்பு 2017-லிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று சட்டம். எங்கள் மாடியில் பூட்டக்கூடிய ஓர் அறையும் வந்திருந்தது. அந்த மே மாதம், கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டுமானால் அவர்களிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்று அதில் இருந்தது. சம்மதம் வாங்க வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டும். அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஜூலை மாத ரோஸ்டரைப் போட்டேன். டீமில் ஒரு பெண் ஏழு மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நைட் வரிசையில் அவள் பெயரை நான் எழுதவே இல்லை. யோசித்து விட்டதுகூட இல்லை, கை தானாகத் தாண்டிப் போனது.

மதியம் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

“அக்கா, நைட்ல என்னை ஏன் போடலை?”

“பாப்பா சின்னது, உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்டா…”

“கஷ்டம்தான். ஆனா என்னை நீங்க கேக்கலையே?”

கோபமாகச் சொல்லவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அந்த மேனேஜர் அறையில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. அது இவ்வளவு சின்னது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை ரோஸ்டரை அழித்துவிட்டு, வெறும் கட்டங்களை மட்டும் எல்லோருக்கும் அனுப்பினேன். அவரவர் முடிந்த வாரத்தை அவரவரே எழுதட்டும், முடியாத வாரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டாம் என்றேன். டீமில் இரண்டு பையன்களும் தங்களுக்கு முடியாத வாரங்களை வெறுமையாக விட்டிருந்தார்கள். அவர்களையும் நான் இதுவரை கேட்டதில்லை. மறுநாள் காலை மூன்றாவது வாரத்தில் அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: “1 மணிக்குப் பால் எடுக்க 20 நிமிஷம் வேணும். ரூம் சாவியை நைட் செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுப் போங்கக்கா.”