600 கட்டையில் 112 மிச்சம்: மெய்நிகர் உலகில் ஒரு கணக்குப் பாடம்

கனச்சதுரத்தின் மொத்தப் புறப்பரப்பு என்ன என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும்: ஆறு பெருக்கல் பக்கத்தின் வர்க்கம். பக்கம் 10 மீட்டர் என்றால் 600 சதுர மீட்டர். சரியான விடைதான். அதே பிள்ளையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வெளியளவு பத்துக்குப் பத்துக்குப் பத்து. உள்ளே வெற்றிடம். ஆறு பக்கமும் மூடிய பெட்டி. ஒரு கட்டை என்பது ஒரு கன மீட்டர். எத்தனை கட்டை வேண்டும்?" அப்போதும் 600 என்றுதான் சொல்லும். எங்கள் மாலை வகுப்பில் எட்டுப் பேரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் திருத்தவில்லை. கணினித் திரையில் கட்டைகளை அடுக்கிக் கட்டும் லுவான்டி என்ற மெய்நிகர் உலகைத் திறந்து, அதற்குள் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பெட்டியில் 600 மரக்கட்டைகளை எண்ணி வைத்துவிட்டு, "கட்டுங்கள்" என்றேன்.

இரண்டு மாலை ஆனது. முடித்தபோது நான்கு ஜோடியிடமும் 112 கட்டை மிச்சம். ஒரு ஜோடி, எங்கோ ஓட்டை விட்டுவிட்டோம் என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடியது. இன்னொரு ஜோடி கூரைமேல் ஏறி வரிசை வரிசையாக எண்ணியது. மூன்றாவது ஜோடியில் மவுசைப் பிடித்திருந்த பெண், கடைசிக் கட்டையை உள்ளே நின்றபடியே வைத்துத் தன்னைத்தானே அடைத்துக்கொண்டுவிட்டாள். திரை முழுக்க இருட்டு. கையிலிருந்த தீப்பந்தத்தைச் சுவரில் செருகினாள். வெளியே வர வழி தேடாமல் அங்கேயே நின்று தரையை எண்ண ஆரம்பித்தாள்.

"மிஸ், உள்ளே எட்டுதான் வருது."

அகலம் எட்டு. உயரமும் எட்டு. பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த பையன் மூன்று எட்டையும் பெருக்கி 512 என்று எழுதினான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவன் 512-க்கு மேலே 1000 என்று எழுதிக் கழித்தான். 488. 600-லிருந்து 488 போனால் 112.

அந்த 112 எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த நாள் அவர்களே பிரித்துச் சொன்னார்கள். கனச்சதுரத்துக்கு 12 விளிம்புகள். மூலைகளை விட்டுவிட்டால் ஒவ்வொரு விளிம்பிலும் 8 கட்டை. அந்த 96 கட்டையையும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு முறை எண்ணிவிட்டோம். மூலைகள் 8. ஒவ்வொன்றையும் மூன்று முறை எண்ணியதால் அதில் 16 அதிகம். 96-ம் 16-ம் 112.

இங்கே ஆசிரியர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் சூத்திரமே தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். சூத்திரம் தப்பில்லை. பெட்டிக்கு வெளியே பெயிண்ட் அடிக்க 600 சதுர மீட்டர்தான். பெயிண்டுக்கு நாம் தடிமன் பார்ப்பதில்லை, கட்டைக்குத் தடிமன் உண்டு. "மூடிய மரப்பெட்டியின் வெளியளவுகள் இவை, பலகையின் தடிமன் இது, மரத்தின் கன அளவு காண்க" என்று தேர்வில் கேள்வி வந்தால் நிறையப் பேர் தடிமனை ஒரே ஒரு முறை கழித்துவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள். இந்தப் பக்கச் சுவர் ஒன்று, அந்தப் பக்கச் சுவர் ஒன்று, ஆக இரண்டு முறை கழிக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் நின்று எட்டு எண்ணியவர்கள் அதை மறக்கவில்லை.

மெய்நிகர் உலகில் பாடம் நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கும் அதில் படிக்க நினைக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்ல வருவது இதுதான். உள்ளே போய் நின்றால்தான் விளங்கும் பாடமாக எடுங்கள். கரும்பலகையில் நன்றாக நடக்கும் பாடத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இதை நான் முதலில் உணர்ந்தது 2009-ல், எம்.எஸ்சி. படிக்கும்போது. அப்போது செகண்ட் லைஃப் பற்றித்தான் எங்கும் பேச்சு. லிண்டன் லேப் நிறுவனம் 2003-ல் தொடங்கிய உலகம் அது. 2006-லேயே ஹார்வர்டு சட்டக் கல்லூரி அதற்குள் ஒரு பாடம் நடத்தியிருந்தது. பல்கலைக்கழகங்கள் தீவு தீவாக வாங்கிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தன. நானும் ஒரு கருத்தரங்கில் போய் உட்கார்ந்தேன். நிஜ அரங்கம் போலவே வரிசையாக நாற்காலி, மேடை, மேடைக்குப் பின்னால் திரை. திரையில் படம் தெளிவாகத் தெரியவே நிமிடக்கணக்கில் ஆனது. என் அவதார், அதாவது அங்கே எனக்குப் பதிலாக நடமாடும் உருவம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, நான் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பறக்க முடிகிற ஓர் உலகத்தில் ஏன் எல்லோரையும் உட்கார வைத்தார்கள் என்று இன்னும் எனக்கு ஆதங்கம்தான்.

அதே வாரம் செகண்ட் லைஃபிலேயே ஜீனோம் ஐலண்ட் போனேன். டெக்சாஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் மேரி ஆன் கிளார்க் மரபியலுக்காக உருவாக்கிய தீவு அது. மெண்டலின் பட்டாணிச் சோதனையை நாமே செய்து எண்ணிப் பார்க்கலாம். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். எண்ணும்போதுதான், கொஞ்சமாக எண்ணினால் விகிதம் அங்கும் இங்கும் ஆடும், எண்ணிக்கை கூடக் கூடத்தான் மூன்றை நெருங்கும் என்று புரிந்தது. ஒரே வாரம், ஒரே உலகம், இரண்டு விதமான பாடம்.

இன்னொரு விஷயம், உலகம் யார் கையில் இருக்கிறது என்பது. செகண்ட் லைஃபில் கல்வி நிறுவனங்களுக்கு இருந்த பாதி விலைச் சலுகை 2011 தொடக்கத்தில் எடுக்கப்பட்டபோது பலர் தீவுகளை விட்டுவிட்டு வேறு இடம் தேடினார்கள். மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் விஆர் என்ற மெய்நிகர் உலகம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. அதே போன்ற மொசில்லா ஹப்ஸ் சேவை 2024 மே மாதத்தோடு நின்றது. ஆறு மாதம் உட்கார்ந்து கட்டிய பாடம் ஒரு அறிவிப்பில் போய்விடக்கூடாது. அதனால்தான் நான் லுவான்டிக்கு வந்தேன். பின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010-ல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கியது. 2024 அக்டோபரில் பெயரை லுவான்டி என்று மாற்றினார்கள். கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. உலகம் முழுவதும் நம் கணினியில் ஒரு ஃபோல்டராக இருக்கும். தினமும் வகுப்பு முடிந்ததும் அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். யாராவது யாருடைய பெட்டியையாவது உடைத்துவிட்டால் நேற்றைய உலகத்தை மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய வசதி எதுவும் தேவையில்லை. எங்களிடம் இருப்பது ஐந்து மடிக்கணினி. நான்கு, பிள்ளைகளின் அண்ணன் அக்காக்கள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தவை. ஐந்தாவது என்னுடையது, அதுதான் சர்வர், மற்ற நான்கும் அதில்தான் இணையும். ஒரு வைஃபை ரூட்டர் போதும், இணைய இணைப்புகூட வேண்டாம். முதல் நாள் பாதி நேரம் வீணானதற்குக் காரணம், வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலில் நான் அனுமதி கொடுக்க மறந்தது. நீங்கள் முந்தின நாளே இரண்டு கணினியை வைத்து இணைத்துப் பார்த்துவிடுங்கள். லுவான்டியை மட்டும் இறக்கினால் போதாது, அதற்குள் ஓடும் ஆட்டத்தையும் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்பது கணினி பற்றாததால் வந்த ஏற்பாடு. இப்போது கணினி கூடுதலாகக் கிடைத்தாலும் மாற்ற மாட்டேன். ஒருவர் கையில் மவுஸ், ஒருவர் கையில் நோட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள். நோட்டு வைத்திருப்பவர் வாய்விட்டுச் சொன்னால்தான் மவுஸ் வைத்திருப்பவர் நகர முடியும். அந்தப் பேச்சில்தான் பாதிப் பாடம் நடக்கிறது.

முதல் வகுப்பில் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். நடக்கட்டும், குதிக்கட்டும், தண்ணீரில் விழட்டும். சிலருக்குத் தலை சுற்றும், அவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நோட்டை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வகுப்பில் எஃப்5 விசையைக் காட்டிக்கொடுங்கள். நாம் நிற்கும் இடத்தின் மூன்று எண்கள் திரை மூலையில் தெரியும். "120, 8, -45 என்ற இடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, போய் எடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். தெற்கே நடக்க நடக்க மூன்றாவது எண் குறைந்து, பூச்சியத்தைத் தாண்டிக் குறை எண் ஆவதைக் காலால் நடந்து பார்த்தவர்களுக்கு ஆயத்தொலை வடிவியலில் எந்தப் புள்ளி எந்தக் கால்பகுதியில் என்ற குழப்பம் வராது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒய் அச்சு தாளில் மேலே போகும். லுவான்டியில் ஒய் என்பது உயரம். தரையில் கிழக்கே போனால் எக்ஸ் கூடும், வடக்கே போனால் இசட் கூடும். இதைச் சொல்லாமல் விட்டதால் முதல் தேர்வில் இரண்டு பேர் குழம்பினார்கள். இப்போது முதலிலேயே ஒரு வரைபடத் தாளைத் தரையில் விரித்து, "இந்தத் தாள் தரையில் கிடக்கிறது, தாளில் ஒய் என்று எழுதியிருப்பதுதான் அங்கே இசட்" என்று காட்டிவிடுகிறேன்.

வகுப்பைக் கட்டுக்குள் வைக்கக் கத்த வேண்டியதில்லை. சர்வர் வைத்திருப்பவர் ஒருவரின் இன்டராக்ட் அனுமதியை எடுத்துவிட்டால் அவரால் எதையும் உடைக்கவோ வைக்கவோ முடியாது. ஷவுட் அனுமதியை எடுத்தால் சாட் நின்றுவிடும். நான் பேச வேண்டிய ஐந்து நிமிடத்துக்கு எல்லோருடைய இன்டராக்டையும் எடுத்துவிடுவேன், முடிந்ததும் கொடுத்துவிடுவேன். அப்புறம், உலகத்தில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 20 நிமிடம்தான். கட்டிக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடும். நேரத்தை நண்பகலில் நிறுத்தி வைக்கலாம், அதையும் முன்பே செய்துவிடுங்கள்.

என் பெரிய தவறையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் ஒரு மணி நேரத்தையும் உலகத்துக்குள்ளேயே செலவழித்தேன். பிள்ளைகள் அழகாகக் கட்டினார்கள், தேர்வில் எழுதத் தெரியவில்லை. கையில் வந்தது தாளில் வரவில்லை. இப்போது 35 நிமிடம் உள்ளே, பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு 25 நிமிடம் நோட்டு. கட்டியதைப் படமாக வரைய வேண்டும், வெளியளவு உள்ளளவு இரண்டையும் குறிக்க வேண்டும், ஒவ்வொரு படியையும் அலகோடு எழுத வேண்டும். மூடும்போது கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும். பரவாயில்லை, மூடிவிடுங்கள்.

நீங்கள் தொடங்கும்போது பத்துக்குப் பத்து வேண்டாம், நான்கு போதும். சூத்திரம் 96 சொல்லும். 64-லிருந்து 8-ஐக் கழித்து 56 கட்டையில் பெட்டி முடிந்துவிடும். அது பிடிபட்ட பிறகு கனச்செவ்வகம் கொடுங்கள். வெளியளவு நீளம் 12, அகலம் 8, உயரம் 5. உள்ளே 10, 6, 3. எங்கள் பிள்ளைகள் நோட்டில் முதலில் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "300 மட்டும் கொடுங்க மிஸ், மிச்சம் வேண்டாம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.